புது இடுப்போடு மைதானத்துக்குத் திரும்பினேன்

செழியா,

நேற்று சாயங்காலம் நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெர்மனி வேலையை வேண்டாம் என்று ஆபீஸில் சொல்லிவிடப் போகிறாயாம். "உன்ன இந்த நிலைமைல விட்டுட்டு எப்படிம்மா போறது?" என்றாய். எந்த நிலைமை என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாய். மறுபடி போன் பண்ணினால் நீ பாதி கேட்பாய், மீதிக்கு "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொரியரில் போடுகிறேன். இதை முழுசாகப் படிக்காமல் உன் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை பேசாதே. சந்தோஷமான விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை எல்லாம் வரிசையாகச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பொறுமை வருமா என்றுதான் தெரியவில்லை.

உன் கண்ணில் நிற்கிற அம்மா யார் என்று எனக்குத் தெரியும். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஓர் அடி எடுத்து வைக்காமல், "என்னால முடியாதுடா, என்னப் படுக்க வெச்சிடு" என்று அழுதாளே, அவள்தான். அவளைப் பார்த்துவிட்டுத்தான் நீ பெங்களூருக்கு பஸ் ஏறினாய். அப்புறம் தீபாவளிக்கு வந்தாய், பொங்கலுக்கு வந்தாய். இரண்டு தடவையும் என்னை நாற்காலியை விட்டு எழவே விடவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் நீ ஓடினாய், வாசலில் ஆள் வந்தால் நீ ஓடினாய். பிள்ளை ஆசையாகச் செய்கிறானே என்று நானும் உட்கார்ந்திருந்தேன். அது தப்பாகப் போய்விட்டது பார், நான் எழவே மாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டாய்!

நான் திண்டிவனத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராகச் சேர்ந்தது 1993-ல். நீ அப்போது பள்ளிக்கூடம் சேராத பிள்ளை. மைதானம் என்று காட்டிய இடத்தில் பாதிக்கு மேல் வேலிகாத்தான் முள். விளையாட்டு பீரியட் வந்தால் பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருப்பார்கள். பந்து கிடையாது, வலை கிடையாது. இரண்டு கம்பம் இருந்தால் போதும் என்பதால் கோ-கோ ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். முள்ளை வெட்டித் தள்ளி, கோடு போட்டு, பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஓடவிட்டேன். ஒருநாள் பிரம்மதேசத்துப் பக்கமிருந்து சரளா என்ற பெண்ணின் அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"பொட்டப் புள்ளைங்கள இப்படி ஓட வுடறீங்களே டீச்சர், நாளைக்குக் கைய கால ஒடச்சிகினா யாரு பதில் சொல்றது?" என்றார். உன்னை இடுப்பில் வைத்திருந்தேன். "அண்ணே, கூட்டிகினு போறதா இருந்தா போங்க. ஆனா இந்த ஆட்டம் முடியற வரைக்கும் அந்தக் கம்பத்த மட்டும் பிடிச்சிக்கோங்க, ஆடிகினே இருக்குது" என்றேன். உண்மையாகவே அந்தக் கம்பம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவர் முணுமுணுத்தபடியே போய்ப் பிடித்தார். சரளாவைத் துரத்துகிறார்கள். அவள் கம்பத்தைச் சுற்றி, அப்பாவையும் சேர்த்துச் சுற்றி, கைக்கு எட்டாமல் நழுவுகிறாள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று, "பின்னாடி வர்றா சரளா! இந்தப் பக்கம் திரும்பு, ஜல்தி!" என்று கத்தினார். மறுநாளிலிருந்து தினமும் வந்தார். நீ அவர் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, அவர் மடியில் கொண்டுவரும் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றபடி ஆட்டம் பார்ப்பாய். உனக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை.

அப்படி ஆரம்பித்து இருபது வருஷம் நான் வாயால் சொல்லிக்கொடுத்ததைவிடக் காலால் சொல்லிக்கொடுத்ததுதான் அதிகம். ஒரு பெண் தப்பாகத் திரும்பினால் விசிலை ஊதிவிட்டு நானே ஓடிக் காட்டுவேன். கம்பத்தருகே எப்படிச் சாய்ந்து பாய வேண்டும் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாய்ந்து காட்டுவேன். எனக்கு உடம்பு என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பதே அப்போதெல்லாம் நினைவில் வந்ததில்லை. மூச்சு மாதிரி அது பாட்டுக்கு இருந்தது.

முதலில் தொடை இடுக்கில் ஒரு குத்தல். பஸ் படியில் காலைத் தூக்கி வைக்கும்போது வரும், போகும். அப்புறம் கீழே உட்கார்ந்தால் எழுவதற்குச் சுவரைத் தேட வேண்டியிருந்தது. செருப்பு வாரை மாட்டக் குனிய முடியவில்லை. நான் தைலம் தேய்த்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தேன். உன் அப்பாதான் கண்டுபிடித்தார். பஸ்ஸில் கண்டக்டராக நாள் முழுக்க ஏறுகிறவர் இறங்குகிறவர் காலையே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன் இல்லையா? "ஏம்மே, உன் நடையில ஒரு பக்கம் சாயுதே, நீ கவனிச்சியா?" என்றார். விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பந்தும் கிண்ணமும் மாதிரி இருக்க வேண்டிய மூட்டு, என் விஷயத்தில் பந்து நசுங்கி, கிண்ணத்தோடு ஒட்டி உரசிக்கொண்டிருந்தது. மூட்டை மாற்றிவிடலாம் என்றார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஓடலாமா சார்?"

"நடக்கலாம். படி ஏறலாம். நல்லா ஆறினதும் வண்டி ஓட்டலாம், நீச்சல்கூட அடிக்கலாம். ஓட வேணாம், குதிக்க வேணாம், தரையில குத்துக்கால் போட்டு உக்கார வேணாம்" என்றார். அவர் நல்ல விஷயங்களாக அத்தனை சொன்னாரே, எனக்குக் கடைசி மூன்று மட்டும்தான் காதில் விழுந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விக்கிரவாண்டி வரைக்கும் அழுதேன். அப்பா தன் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டு, வேறு யாரும் என்னைப் பார்க்காதபடி மறைத்துக்கொண்டார். கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி உன்னிடம் நான் கேட்கும்போதெல்லாம் எந்த மாதிரிப் பெண் வேண்டும் என்று நீ திருப்பிக் கேட்கிறாயே, அழும்போது காரணம் கேட்காமல் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒருத்தியைப் பார். மற்றதெல்லாம் பின்னால் தானாக வரும்.

ஆபரேஷன் ஆன மறுநாளே எழுப்பி நிறுத்திவிட்டார்கள். அந்தக் காட்சியைத்தான் நீ பார்த்தாய். வலிக்காக நான் அழுததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வலியை மாத்திரை பார்த்துக்கொண்டது. எனக்குப் பயம், செழியா. கால் தரையில் பட்டது. அது என் கால் மாதிரியே இல்லை. உடம்பின் பாரத்தை அதன்மேல் வைத்தால் கழன்று விழுந்துவிடும் என்று தோன்றியது. இத்தனை வருஷம் நான் சொல்வதற்கு முன்பே ஓடிய கால், இப்போது நான் கெஞ்சினாலும் கேட்காது போலிருந்தது. மைதானத்தில் எத்தனையோ பெண்களிடம் "பயப்படாத, பாய்" என்று கத்தியிருக்கிறேன். பயந்து நிற்பவளுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

என் பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மாள் இருந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? கன்னியம்மா. மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பத்துக்காரி. என் வயசுதான் இருக்கும். தலையில் மீன் கூடையோடு ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து, அவளுக்கும் என்னை மாதிரியே புது மூட்டு வைத்திருந்தார்கள். நீ பஸ் ஏறின மறுநாள் காலையில் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

"இன்னா டீச்சரே, புள்ள போயிட்டான்னு அழுவுறியா, காலு நோவுதுன்னு அழுவுறியா?"

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டுக்கும் ஒரே மருந்துதான். எந்திரி. அந்தக் கோடி ஜன்னலாண்ட நின்னா ரோட்டுல கரும்பு ஜூஸ் வண்டி தெரியுதாம். யாரு மொதல்ல போய்ப் பாக்கறதுன்னு பந்தயம். வர்றியா?"

பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது விடைத்துக்கொண்டது. அப்போதுதான் பிசியோதெரபிஸ்ட் ஷகிலா உள்ளே வந்தாள். உன் வயசுப் பெண், குரலில் அப்படி ஒரு கண்டிப்பு. திட்டப் போகிறாள் என்று பார்த்தால், "பந்தயமா? வெச்சிக்கலாம். ஆனா ரூல் நான்தான் போடுவேன். வேகத்துக்கு மார்க் கிடையாது. வாக்கர் முன்னாடி, ஆபரேஷன் பண்ண கால் அடுத்தது, நல்ல கால் அப்புறம். யாரு நொண்டினாலும் அவுட், திரும்ப கட்டில்லருந்து வரணும்" என்றாள்.

எழுந்துவிட்டேன்! எப்படி எழுந்தேன் என்று கேட்காதே. வாக்கரைத் தள்ளி ஓர் அடி, இன்னோர் அடி. கன்னியம்மா பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கக் கட்டில்களில் இருந்தவர்களும், அவர்களுக்குத் துணைக்கு வந்தவர்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு வேகம் பிடித்துவிட்டது. வேகம் பிடித்தால் நடை என்ன ஆகும்? "டீச்சர் நொண்டறாங்க, அவுட்!" என்று ஷகிலா கத்தினாள். வார்டே சிரித்தது. நான் திரும்பக் கட்டிலுக்குப் போய், மறுபடி புறப்பட்டு, பாதி வழியில் மறுபடி அவுட்டானேன். கன்னியம்மா தண்ணீர்க் குடம் சுமப்பவள் போல நிதானமாக, நிமிர்ந்து, தளும்பாமல் நடந்து ஜன்னலைத் தொட்டுவிட்டாள். "வண்டி கீதா?" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். "எங்க? காலிப் பய, கடைய கட்டிகினு போயிட்டான்!" என்றாள். தையல் போட்ட இடம் இழுக்க இழுக்கச் சிரித்தோம். நான் அவுட் கொடுத்த பெண்கள் எத்தனையோ பேர். எனக்கு ஒருத்தி அவுட் கொடுத்தது அன்றைக்குத்தான். அதில் எனக்கு ஏற்பட்ட குஷி இருக்கிறதே! தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்த பிறகு உன் அப்பா பண்ணிய ஏற்பாடுகளை நீ பார்த்திருக்கிறாய். கட்டில் கால்களுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்தியது, கக்கூஸில் உயர நாற்காலி போட்டது, கீழே விழுந்த பொருளை எடுக்க நீளமான இடுக்கி வாங்கி வந்தது. கால்மேல் கால் போடக் கூடாது, பள்ளமான சோபாவில் உட்காரக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது. அப்பா லீவு போட்டு என் பக்கத்திலேயே இருந்தார். அவர் வைக்கும் குழம்பு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நான் ஜல்தியாகக் குணமானதற்கு அதுவும் ஒரு காரணம். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தேன். வீட்டுக்குள்ளிருந்து தெருமுனைக்கு, தெருமுனையிலிருந்து பால் பூத்துக்கு என்று தூரம் கூடிக்கொண்டே போனது. கூடக்கூட எனக்குத் தலை கால் தெரியவில்லை.

அங்கேதான் சறுக்கினேன். இதை அப்போதே சொல்லியிருந்தால் அன்றைக்கே நீ பஸ் ஏறியிருப்பாய், அதனால் சொல்லவில்லை. என் டீமில் உள்ள பெண்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அதில் நந்தினி என்று ஒருத்தி. "டீச்சர், நீங்க இல்லாம எனக்கு 'கோ' வாங்கினதும் எந்திரிக்கவே வர மாட்டேங்குது" என்றாள். உட்கார்ந்திருக்கிற பெண் முதுகில் தட்டி 'கோ' சொன்னதும், அவள் வில்லிலிருந்து விட்ட மாதிரி எழுந்து பாய வேண்டும். அதற்கு முன்பாதத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று காட்டுவதற்காக, கட்டிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சமே கொஞ்சம் மடங்கினேன். தொடையில் சுரீர் என்று ஒரு இழுப்பு. கட்டிலில் சாய்ந்துவிட்டேன். காலை அசைக்க முடியவில்லை. மூட்டு கழன்றுவிட்டது, அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அப்பா ஓடி வந்து, ஒரு கேள்வி கேட்காமல் ஆட்டோ பிடித்து, பிறகு வேன் பிடித்து விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் என் கையை விடவில்லை.

நல்லவேளை, எக்ஸ்ரேயில் மூட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. தசைதான் இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஷகிலா வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கட்டிலோரம் உட்கார்ந்து, "டீச்சர், நீங்க பி.டி. டீச்சர்னு அந்த மூட்டுக்குத் தெரியாது. உங்க தசைக்கும் தெரியாது. அதுங்க ஒண்ணாவது படிக்குதுங்க. ஒண்ணாவது புள்ளைய மாவட்டப் போட்டிக்கு அனுப்புவீங்களா?" என்றாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். "உங்களுக்கு ஆர்வம் ஜாஸ்தி. அது நல்லதுதான். ஆனா அத உடற்பயிற்சி மேல காட்டுங்க, ரிசல்ட்டு மேல காட்டாதீங்க" என்றாள். அதற்குப் பிறகு படுத்தபடி காலை நீட்டி மடக்குகிற பயிற்சியை, பூஜை மாதிரி, ஒருநாள் விடாமல் செய்தேன். புது ஊரில் நீயும் இதைத்தான் செய்ய வேண்டியிருக்கும். அவர்கள் பாஷை உனக்கு வராது, குளிர் ஒத்துக்கொள்ளாது. ஒண்ணாவது படிக்கிற பிள்ளையாக இருப்பதற்கு வெட்கப்படாதே.

கைத்தடியோடு தைரியமாக வெளியே போக ஆரம்பித்திருந்த நேரத்தில் கன்னியம்மா போன் பண்ணினாள். அவள் குரலே அவள் குரலாக இல்லை. "ஊட்லயே கெடக்கறேன் டீச்சரே. கடலு சத்தம் காதுல கேக்குது, கண்ணால பாக்கறதுக்கு வுட மாட்டேங்கறான் எம்மவன்" என்றாள். மறுநாளே நான் மரக்காணம் பஸ் ஏறிவிட்டேன். அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். உயரமான படி; நல்ல காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து, ஏறிவிட்டேன்! உப்பளம் தாண்டும்போது வெள்ளை வெள்ளையாகக் குவித்திருந்த உப்பைப் பார்த்ததும் எனக்குப் பாட வேண்டும் போலிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் தனியாகப் போன முதல் ஊர்.

கன்னியம்மா வீட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தாள். மகன் ஏழுமலை நல்ல பையன், விசைப்படகில் போகிறவன். எனக்கு டீ வாங்கிவந்து கொடுத்துவிட்டுச் சொன்னான்: "எங்கம்மா சின்ன வயசுலருந்து கூடை தூக்கியே தேஞ்சிபோச்சி டீச்சர். இனிமே ஒரு வேலையும் செய்ய வேணாம். ஒக்கார வெச்சி சோறு போடறேன், ராணி மாதிரி வெச்சிக்கறேன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குது."

கன்னியம்மாவுக்கு வந்ததே கோபம். "ஒக்காந்து துன்றதுக்காடா ஒடம்புல இரும்பு வெச்சிகினு வந்தேன்?" என்றாள்.

எனக்கு ஏழுமலை முகத்தில் உன் முகம்தான் தெரிந்தது. அதே பாசம், அதே பயம், அதே பிடிவாதம். "தம்பி, தூக்க வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு, தூக்க மாட்டாங்க. நடக்கச் சொல்லியிருக்காரு. கரை வரைக்கும் நடந்துட்டு வர்றோம். நீயும் வா" என்றேன். மூன்று பேரும் புறப்பட்டோம். மணலில் கைத்தடி புதைந்தது. காய்ந்த மணலைக் கடக்கும்வரைதான் கஷ்டம், அலை நனைத்த மணல் தரை மாதிரி கெட்டியாக இருக்கும் என்று கன்னியம்மா சொன்னாள். மெதுவாக, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு கடந்தோம். ஏழுமலை பின்னாலேயே, நடை பழகும் குழந்தைக்குப் பின்னால் போகிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான்.

படகு ஒன்று அப்போதுதான் கரையேறியிருந்தது. சங்கரா மீனும் காரப்பொடி மீனும் கூடை கூடையாக இறங்கின. ஏலம் ஆரம்பிக்க வேண்டும். வழக்கமாகக் கூவுகிற ஆள் வந்து சேரவில்லை. கூட்டம் சலசலத்துக்கொண்டிருந்தது. கன்னியம்மா என் தோளிலிருந்து கையை எடுத்தாள். "இன்னா எல்லாரும் வாய பாத்துகினு நிக்கறீங்க? மீனு நாறிப்போறதுக்கா?" என்று ஒரு குரல் விட்டாள் பார், அலை சத்தம் அடங்கிப்போனது. அவளே விலை கூவ ஆரம்பித்தாள். ஒருவர் சொன்ன விலையை இன்னொருவர் தலையில் கட்டி, கிண்டல் பண்ணி, உசுப்பிவிட்டு, அவள் நின்ற இடத்திலேயே நின்று அந்தக் கரையையே ஆட்டிவைத்தாள். பத்து நாள் பட்டினி கிடந்தவள் சாப்பிடுவதைப் போல இருந்தது. நான் சுற்றிலும் பார்த்தேன், ஏழுமலையைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டிலிருந்து உயரமான ஸ்டூல் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு மணலில் ஓடிவந்தான். அம்மாவின் பின்னால் வைத்துவிட்டு, கால் புதையாமல் அடியில் பலகையும் போட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. இப்போது அந்தக் கரையில் ஏலம் கூவுவது கன்னியம்மாதான்.

அந்த வாரமே டாக்டரைப் பார்த்துச் சம்மதம் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன், உன்னிடம் மூச்சு விடவில்லை. தலைமையாசிரியை அன்பானவர். "டீச்சர், நீங்க ஆபீஸ் ரூம்ல ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க. வருகைப்பதிவு பாத்துக்கிட்டாப் போதும்" என்றார். நன்றி சொல்லிவிட்டு மைதானத்துக்கு நடந்தேன். பெண்கள் ஓடிவந்து சுற்றி நின்றார்கள், ஆனால் யாரும் தொடவில்லை, உடைந்துவிடுவேன் என்று பயம்! "ஆட்டத்த ஆரம்பிங்கடி" என்று விசிலை ஊதினேன். கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் செழியா, இதை எப்படிச் சொல்வேன், இருபது வருஷத்தில் முதல் தடவையாக நான் கோ-கோ ஆட்டத்தைப் பார்த்தேன். அதுவரைக்கும் நானும் கூடவே ஓடிக்கொண்டிருந்தேனே தவிர, பார்த்ததில்லை. நந்தினி களைத்துவிட்டால் எப்போதும் வலது பக்கம்தான் திரும்புகிறாள் என்பது தெரிந்தது. இன்னொருத்தி 'கோ' வருவதற்கு முன்பே குதிகாலைத் தூக்கிவிடுகிறாள். துரத்துகிறவள் எங்கே ஓடுவாள் என்பதை அவள் கண் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. எல்லாம் கண்ணாடி போலத் தெரிந்தது. ஓடிக் காட்ட முடியாததால் வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்களுக்குப் புரிந்தது. நான் ஓடிக் காட்டியபோது என்னைத்தான் பார்த்தார்கள் போலிருக்கிறது. இப்போது தங்களையே பார்த்துக்கொள்கிறார்கள்.

ஓடுவதற்கு ஏக்கமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் சாயங்காலம் பெண்கள் கம்பத்தை நோக்கிப் பாயும்போது என் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கும். அப்புறம் யாராவது தப்பாகத் திரும்புவாள், நான் கத்த ஆரம்பித்துவிடுவேன், அது போய்விடும். கைத்தடியை விட்டாயிற்று. காலையில் ஏரிக்கரையில் நடக்கிறேன். அப்பா என் வேகத்துக்கு வர முடியாமல் பாதியில் டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார். ஸ்கூட்டியை மறுபடி எடுத்துவிட்டேன். நீ பொங்கலுக்கு வந்தபோது அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தது அப்பாவின் யோசனை, நீ பதறுவாய் என்று.

இதுதான் நீ சொன்ன 'இந்த நிலைமை'. என்னை விட்டுவிட்டுப் போவதாக நினைக்காதே. நான் எங்கேயும் கிடக்கவில்லை, விட்டுவிட்டுப் போவதற்கு. நீ அங்கே போய்க் கொஞ்ச நாள் தடுமாறுவாய். நாக்குக்கு ருசியாக ஒன்றும் கிடைக்காது, பேச ஆள் இருக்காது, அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுக்கத் தோன்றும். அப்படித் தோன்றும்போது யாராவது அறிமுகமில்லாதவர் வம்புக்கு இழுத்தால் உடனே எழுந்துவிடு. கை கொடுத்தால் பிடித்துக்கொள். உன்னால் முடியும் என்று உனக்கு முன்னாலேயே வேறு யாராவது நம்பிவிடுவார்கள். அவர்களைக் கொஞ்சம் நம்பு. உனக்கு ஒன்று என்றால் நாங்கள் இருக்கிறோம். எங்களுக்கு ஒன்று என்றால் சொல்லி அனுப்புவோம், இனிமேல் மறைக்க மாட்டோம். அது நான் கொடுக்கிற வாக்கு. திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய், ஜெர்மனிக்குப் போகிறேன் என்று சொல்லிவிடு.

இப்போது முக்கியமான சேதிக்கு வருகிறேன், இதற்காகத்தான் பேனா நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் பெண்கள் மாவட்டப் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள்! அரையிறுதியில் நந்தினி இடது பக்கம் திரும்பினாள், செழியா, இடது பக்கம்! எதிர் டீம் பெண் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் குதிக்கக் கூடாது என்பதற்காகத் தலைமையாசிரியையே என் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். இறுதி ஆட்டம் விழுப்புரத்தில். எந்த நாளில் தெரியுமா? உன் ஆபீஸில் உனக்கு டிக்கெட் போடுவதாகச் சொன்னாயே, அதே சனிக்கிழமை. ஆகவே உன்னை வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு என்னால் வர முடியாது. அப்பா வருவார், உனக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு வருவார், நான் செய்ததுதான், தைரியமாகச் சாப்பிடு. உள்ளே போவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் பண்ணு. நான் எடுக்காவிட்டால் பதறாதே. ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொண்டு, நீ பாட்டுக்கு விமானத்தில் ஏறு.

அம்மா